மருளிசையும் சிறுபொழுதும்

முன்னுரை

ஓர் இசைவகை தளர்ந்தது என்று கூறுவோர் பெரும்பாலும் அதன் ஓசையைக் கருதியே அங்ஙனம் கூறுவர். பண் மாறிற்று, தாளம் விரைந்தது, வல்லோர் குறைந்தனர், கேட்போர் அகன்றனர் என்பன அவர் காட்டும் காரணங்கள். அவ்விசை எப்பொழுதிற்கு உரியதாய் இருந்தது, அப்பொழுதை எவ்வாறு இழந்தது என்னும் வினாக்களை எழுப்புவோர் அரியர். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்த தொல்காப்பியத்தைப் பயில்வார்க்கோ இவ்வினாக்கள் இயல்பாகவே எழற்பாலன.

கோவாவில் அஞ்சுனாக் கடற்கரையில் உருவாகி, 1990-களில் உலகெங்கும் பரவிய மின்னிசை வகை 'கோவா டிரான்ஸ்' எனப்படும். அது 1990-களின் இறுதியில் தளர்ந்து, 'சைடிரான்ஸ்' என்னும் பொதுப்பெயரின்கீழ்ப் பல கிளைகளாகத் திரிந்தது என்பர். அத்தளர்ச்சியையும் திரிபையும் சிறுபொழுது என்னும் அளவுகோல் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்புநோக்குதற்குத் தொண்டைநாட்டுக் கடற்கரை பெரிதும் துணைசெய்கின்றது. மேலைக் கடற்கரையில் அயல்நாட்டார் முழுநிலா இரவில் மின்னிசைக்கு ஆடினர். கீழைக் கடற்கரையில் மாமல்லபுரத்து மணற்பரப்பில், மாசி முழுநிலாவில் இருளர் கூடிக் கன்னியம்மனை அழைத்து வழிபடுகின்றனர். செங்கற்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரங்களிலோ திரௌபதியம்மன் விழாக்களில் பாரதக் கூத்து இரவு முழுதும் நிகழ்வது மரபு. தோற்றத்தாலும் நோக்கத்தாலும் வேறுபட்ட இம்மூன்றற்கும் இரவு ஒன்றே பொது. ஆகவே, இரவு குறைந்தவழி இவை மூன்றும் என்ன ஆகின்றன என்று காண்டல் பயனுடையது.

பெயரும் இயல்பும்

'டிரான்ஸ்' என்னும் சொற்குத் தமிழில் நேரான சொல் மருள் என்பதே. தெய்வம் ஏறப்பெற்று ஆடுவோரை மருளாடி என வழங்குதல் இன்றும் உண்டு. ஆதலின் இவ்விசையை மருளிசை என ஈண்டுக் குறிப்பாம். இதற்கு அடையாக வரும் 'சைக்கடெலிக்' என்பது, உள்ளத்தை வெளிப்படுத்துவது என்னும் பொருள்பட, ஹம்ஃப்ரி ஆஸ்மண்டு என்னும் மனநோய் மருத்துவர் 1956-இல் கிரேக்க மொழியினின்று ஆக்கிய சொல். எல்.எஸ்.டி. முதலிய மருந்துகளைக் குறிக்கவே அஃது ஆக்கப்பட்டது. அம்மருந்துகள் இவ்விசையோடு உடன்வந்தன என்பதை மறைத்தற்கில்லை. ஆயினும், நறவுண்டு ஆடினர் என்பதால் குரவையின் இலக்கணம் விளங்கிவிடாதவாறு போல, மருந்துண்டு ஆடினர் என்பதால் மருளிசையின் இலக்கணமும் விளங்கிவிடாது.

இதன் தாளம் எளியது. ஒவ்வொரு தட்டும் நான்கு அட்சரமாகப் பகுக்கப்படும் சதுசுர நடை அது. முதல் அட்சரத்தில் முரசொலியும், எஞ்சிய மூன்றில் மெலிவுத் தானத்து ஒலியும் இடையறாது வருதல் சைடிரான்சின் பொது இலக்கணமாகப் பின்னர் நிலைபெற்றது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 140 முதல் 150 தட்டு என்பது அதன் நடுத்தர விரைவு. தொடக்கக் காலக் கோவா டிரான்சிலோ, இத்தாளத்தின்மேல் சுருள் சுருளாக வளரும் இன்னிசைத் தொடர்கள் பல அடுக்கப்பட்டன. அவற்றுள் பல, நம் தோடி, வகுளாபரணம், கீரவாணி ஆகிய மேளங்களின் சுர வரிசையை ஒத்தவை. இவ்வொப்புமை சுர அளவில் நிற்பதேயன்றி இராக அளவில் நிற்பதன்று. கமகமும் பிடியும் இன்றி இராகம் இல்லை என்பதை இசைவாணர் அறிவர்.

ஓசையொன்றே இவ்வகையை ஆக்கவில்லை என்பதற்குச் சான்று ஒன்று உண்டு. பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-இல் பத்து இராகங்களை டிஸ்கோத் தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். ரோலண்டு நிறுவனத்தின் டி.பி. 303, டி.ஆர். 808 என்னும் கருவிகளை அவர் அதிற் கையாண்டார். அவற்றுள் டி.பி. 303-இன் நெளிந்தேறும் ஒலி பின்னர் மருளிசைக்கு உயிராயிற்று. இராகமும் இருந்தது, கருவியும் இருந்தது, தாளமும் இருந்தது. எனினும் அத்தட்டு அன்று கவனிப்பாரின்றிக் கிடந்து, 2010-இல் மறுபதிப்பான பின்னரே புகழ் பெற்றது. அஃது அறையில் அமர்ந்து கேட்டற்குரிய தட்டாய் இருந்ததேயன்றி, ஓர் இரவை நடத்தும் இசையாய் இருந்திலது.

இரவின் வைப்புமுறை

அஞ்சுனாவிற்கு 1960-களின் இறுதி தொட்டு மேலைநாட்டு இளைஞர் வந்து தங்கலாயினர். தொடக்கத்தில் அவர்தம் கடற்கரை இரவுகளில் ராக், ரெகே முதலியனவே ஒலித்தன. 1980-களின் தொடக்கத்தில் லோரான் முதலிய பிரெஞ்சுக்காரர் சிலர், பாடற்சொற்களை நீக்கி, மின்னிசைத் துண்டுகளை மட்டும் கோத்து இரவு முழுதும் ஒலிக்கச் செய்தனர். சொல் நீங்கிப் பொழுது முன்னின்ற இம்மாற்றமே இவ்வகையின் பிறப்பு எனல் பொருந்தும்.

சான்பிரான்சிசுகோவில் 1951-இல் பிறந்து 1970-இல் கோவாவிற்கு வந்த கில்பர்ட் லெவி, 'கோவா கில்' எனப் பெயர் பெற்றார். 2023-இல் அவர் மறைந்தார். தொன்மையான குடிச் சடங்கைப் புதிய நூற்றாண்டிற்கு ஏற்ப ஆக்குதலே தம் பணி என்பது அவர் கொள்கை. ஒருவரே 24 மணி நேரம் இடையறாது இசை நடத்தியமை அவரது சிறப்பு. அவ்வாறு நடத்துங்கால், இருள் மிகுந்த பொழுதிற்குக் கடுமையும் அச்சமும் உடைய இசையும், விடியற்கு நெகிழ்வும் ஒளியும் உடைய இசையும் வகுக்கப்பட்டன. இருளில் கலங்கிய உள்ளம் கதிரொளியில் தெளிதல் என்பதே அவ்விரவின் கட்டுக்கோப்பு. எனவே, விடியல் இசையின் பொருள் அவ்விசையில் மட்டும் இல்லை. அதற்கு முன் கழிந்த யாமத்தில் இருந்தது.

இது தமிழர்க்கு அயலான கருத்தன்று. யாமம் குறிஞ்சிக்கும், வைகறை மருதத்திற்கும், எற்பாடு நெய்தற்கும் உரியவாகப் பொருளிலக்கணம் கூறும். காலையில் மருதப்பண்ணும் மாலையில் செவ்வழிப்பண்ணும் இசைத்தல் பாணர் மரபு. தேவாரப் பண்களும் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என வகுக்கப்பட்டன. வெறியாடலோ யாமத்திற்குரிய குறிஞ்சி நிலத்தது. அஞ்சுனாவில் அவ்வியல்பினதாகிய ஓர் ஆட்டம் நெய்தல் மணலில் நிகழ்ந்தது. திணைகள் மயங்குதலைத் தொல்காப்பியர் விலக்கிலர் என்பது ஈண்டு நினையத்தக்கது.

ஒலிநாடா செய்த உருவம்

கோவாவின் வெப்பத்தில் கருநிற இசைத்தட்டுகள் வளைந்து கெடும். ஆதலின் அங்கு இசை நடத்துவோர் முதலில் கேசட்டுகளையும், பின்னர் டாட் எனப்படும் இலக்கமுறை ஒலிநாடாவையும் பயன்கொண்டனர். இசைத்தட்டின் சுழற்சியை விரலாற் கூட்டியும் குறைத்தும் இரு தட்டுகளின் தாளத்தை ஒன்றச் செய்தல் இயலும். டாட் கருவிகளில் அது பெரும்பாலும் இயலாது. அதனால் ஒவ்வோர் இசைத்துண்டும் தாளமற்ற நீண்ட தோற்றுவாயோடு தொடங்கித் தாளம் அவிந்து முடிதல் வேண்டிற்று. ஏழு, எட்டு நிமிட நீளமும், மெல்லத் திறந்து மெல்ல மூடும் அமைப்பும் இவ்வகைக்கு இயல்பாயினமைக்கு இதுவும் ஒரு காரணம். ஆலாபனை போன்ற அத்தொடக்கங்களில் ஆடுவோர் நின்று மூச்சுவாங்கினர், கடலொலியைக் கேட்டனர். கருவியின் குறை கலையின் ஓய்விடமாயிற்று.

இவ்வுருவமே 1990-களில் நூல்வடிவம் பெற்றாற்போல இசைத்தட்டு வடிவம் பெற்றது. ஜூனோ ரியாக்டர் 1993-இல் 'டிரான்ஸ்மிஷன்ஸ்' வெளியிட்டனர். சைமன் போஸ்ஃபோர்டு, ஹாலுசினோஜென் என்னும் புனைபெயரில் 1995-இல் 'டுவிஸ்டட்' வெளியிட்டார். டிராகன்ஃபிளை, டிப் முதலிய இலண்டன் நிறுவனங்கள் இவற்றைப் பரப்பின. 1994 டிசம்பரில் பால் ஓக்கன்ஃபோல்டு பி.பி.சி. வானொலியில் நிகழ்த்திய 'கோவா மிக்ஸ்' இவ்விசையைக் கோவாவைக் கண்டிராத பல்லாயிரவர் செவிக்குக் கொண்டுசென்றது.

தளர்ச்சிக்குக் காரணம் இரண்டு

முதற்காரணம் புரவலர் மாறியமை. சிறு குழுவினர் தமக்குள் நடத்திய இரவு, பெருவிழாவாயிற்று. பெருவிழாவில் பெயர்பெற்றோர் பலரை ஒரே மேடையில் ஏற்றல் வேண்டும். ஒவ்வொருவர்க்கும் ஓரிரு மணியே கிடைக்கும். அவ்வோரிரு மணியில் ஒவ்வொருவரும் தம் உச்சத்தையே காட்ட விழைவர். ஏற்றமும் தாழ்வும் உடைய இரவு மறைந்து, உச்சங்களின் வரிசை மட்டும் எஞ்சும்.

புறநானூற்றில் வன்பரணர் நள்ளியைப் பாடிய பாட்டு (149) ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. நள்ளியின் கொடை மிகுதியால் பாணர், மாலையில் மருதத்தையும் காலையில் செவ்வழியையும் இசைத்து, முறைமையை மறந்தனர் என்பது அதன் கருத்து. புலவர் அதனைப் புகழ்ச்சியாகக் கூறினார். எனினும், பொருள் மிகும் இடத்துப் பொழுது பிறழும் என்னும் உண்மையும் அப்புகழ்ச்சியுள் அடங்கிக் கிடக்கின்றது. மருளிசையின் வரலாற்றில் அவ்வுண்மை புகழ்ச்சியின்றி வெளிப்பட்டது.

இரண்டாம் காரணம் சட்டம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியை விலக்கின. பண்பாட்டு விழாக்களுக்கும் சமய விழாக்களுக்கும் ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை இசைவளிக்க மாநில அரசுகட்கு அதிகாரம் உண்டு. இவ்விதிகளை உச்சநீதிமன்றம் 2005-இல் உறுதிசெய்தது. உறக்கம் மாந்தர் உரிமையாதலின் இதன் நியாயத்தை மறுத்தற்கில்லை. ஆயினும், இவ்விதியை நம் பொழுதுக் கணக்கில் வைத்துக் காணின் வியப்பான ஓர் ஒற்றுமை புலனாகும். பத்து நாழிகைக்கு ஒன்றாகச் சிறுபொழுதை வகுக்குங்கால், இரவு 10 முதல் 2 வரை யாமம். 2 முதல் 6 வரை வைகறை. விலக்கப்பட்டவை இவ்விரு சிறுபொழுதுகளே. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. விலக்கிற்கு விலக்காகக் கிடைப்பதோ அரை யாமம் மட்டும்.

ஆகவே கோவாவின் இரவு பகலுக்கும் மாலைக்கும், மூடிய கூடங்களுக்கும் பெயர்ந்தது. 2007-இல் கோவாவில் தொடங்கிய சன்பர்ன் என்னும் பெருவிழாவும் மாலையிலேயே முடியும் அமைப்பினதாயிற்று. யாமமும் வைகறையும் இன்றி மருளிசை ஒலித்தல், கலிங்கத்துப்பரணியில் களங்காட்டலை மட்டும் படித்து ஏனையவற்றை விடுத்தல் போல்வதாம்.

கிளைகளாகிய பொழுதுகள்

இனி, திரிபை நோக்குவோம். சைடிரான்சின் கிளைகள் பல. அவற்றை விரைவாலும் ஓசையாலும் பிரிப்பதே வழக்கம். பெயர்களை ஊன்றி நோக்கினோ வேறொரு முறை தோன்றும். முழுவீச்சு எனப் பொருள்படும் 'ஃபுல்-ஆன்' என்னும் கிளை, காலை ஃபுல்-ஆன், இரவு ஃபுல்-ஆன் என இரண்டாம். தென்னாப்பிரிக்காவில் வளர்ந்ததொரு கிளைக்கு 'டுவைலைட்', அஃதாவது அந்தி, என்பதே பெயர். மற்றொரு கிளை 'டார்க்' எனப்படும். இருள் என்பது அதன் பொருள். நள்ளிருட் காட்டை நினைவூட்டும் 'ஃபாரஸ்ட்' என்பதும் ஒன்று. ஆடிக் களைத்தார் சாய்ந்திருந்து கேட்கும் மெல்லிசை 'சில்-அவுட்' எனத் தனித்தது. போஸ்ஃபோர்டும் ராஜா ராமும் ஷ்பாங்கிள் என்னும் பெயரில் 1998-இல் வெளியிட்ட முதல் தொகுப்பு இக்கடைசி வகைக்குத் தலையாயது.

இவை யாவும் ஓர் இரவின் துண்டுகளே. அந்தி, யாமம், வைகறை, காலை, களைப்பு ஆகியன ஒரே இரவில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றபோது அவை ஒரு கலையின் உறுப்புகள். இரவு இல்லாதொழிந்தபின் அவ்வுறுப்புகள் தனித்தனிக் கலைகளாயின. தனித்த உறுப்பு தன் இயல்பை மிகைப்படுத்தியே வாழல் வேண்டும். அதனாற்றான் இருளிசை மேன்மேலும் விரைந்தது. அதன்வழி வந்த 'ஹைடெக்' நிமிடத்திற்கு 200 தட்டு அளவையும் எட்டியது. காலை இசையோ மேன்மேலும் இனித்துத் திகட்டியது. முன்னே யாமம் இல்லாத காலைக்கு இனிமை எளிது. ஆனால் அவ்வினிமைக்குக் காரணம் இல்லை.

இசுரேலில் தோன்றிய இன்ஃபெக்டட் மஷ்ரூம் என்னும் இருவரின் வளர்ச்சி இதனை இனிது விளக்கும். 1999, 2000-ஆம் ஆண்டுகளின் தொகுப்புகளில் அவர்கள் மருளிசையின் எல்லைக்குள் நின்றனர். 2003-இன் தொகுப்பை இரு தட்டுகளாகப் பிரித்து, ஒன்றனை டிரான்ஸ் பக்கம் என்றும், மற்றொன்றனை வேறு பக்கம் என்றும் பெயரிட்டனர். பின்னர்ச் சொல்லும் குரலும் கிதாரும் மிகுந்து, அவர் படைப்பு மேடைப் பாடலாயிற்று. பொழுது விட்ட இடத்தைச் சொல் வந்து நிரப்பியது. இதனைக் குறையாகக் கொள்ளாது புதிய கலை எனக் கொள்ளுதலே தகும். பெல்ஜியத்தின் சன்டிரிப் முதலிய நிறுவனங்கள் பழைய கோவா இசையையே மீளப் படைத்து வருகின்றன. அவை ஓசையை மீட்டன, இரவை மீட்டில.

மாமல்லைக் கடற்கரை

மாசிமகத்தை ஒட்டி வடதமிழகத்தின் பல மாவட்டங்களினின்றும் இருளர் குடும்பமாக மாமல்லபுரம் வந்து, கடற்கரையில் துணிகளால் குடில் அமைத்துத் தங்குவர். கன்னியம்மன் சினந்து கடலுக்குச் சென்றாள் என்பதும், அவளை வேண்டி அழைத்து வருதல் வேண்டும் என்பதும் அவர் நம்பிக்கை. வைகறையில் மணலால் படிகள் அமைத்து வழிபடுவர். அம்மன் ஏறப்பெற்றோர் ஆடிக் குறி சொல்லுவர். அவ்விடியலிலேயே திருமணங்களும் காதணி விழாக்களும் நிகழும். காட்டுக்குரியார் கடற்கரையில் கூடுதலின் இதுவும் திணைமயக்கமே.

இவ்விரவைத் துண்டாக்கல் இயலுமோ எனின், இயலாது என்க. அழைத்தல், வருதல், கேட்டல், மணத்தல் ஆகியன ஒன்றற்கொன்று காரணமாய் நிற்பன. அம்மன் வாராமுன் குறி இல்லை. ஆடலுக்கு உரிய ஓசையை மட்டும் பிரித்தெடுப்பின் அஃது ஒலிப்பதிவாகுமேயன்றிப் புதிய இசைவகையாகாது. அதே கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதிகளில் மின்னிசை ஒலிக்கும் விழாக்கள், வார இறுதியின் ஓய்வைக் கருதுவன. எவரையும் அழைப்பன அல்ல. ஆதலின் அவற்றை எந்நாளிலும் எப்பொழுதிலும் வைத்தல் கூடும்.

பாரதக் கூத்து இவ்விரண்டற்கும் இடைப்பட்டது. இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை நிகழ்வது அதன் பழைய அளவு. கர்ண மோட்சத்தில் கர்ணன் வீழ்வதும், அருச்சுனன் தபசில் நடிகர் தபசு மரம் ஏறுவதும் விடியலை ஒட்டி அமைதல் மரபு. பதினெட்டாம் போர் முடிந்து, படுகளம் பகலொளியிலேயே நிகழும். ஆயினும் கூத்திற்குக் கதை உண்டு. கதையைச் சுருக்கி இரண்டு மணியில் மேடையேற்றல் இயலும். நகரங்களில் அங்ஙனம் ஏற்றவும்படுகின்றது. 1990-இல் நிறுவப்பட்ட காஞ்சிபுரம் கட்டைக்கூத்துச் சங்கம், சுருங்கிய வடிவங்களை ஆக்கியதோடு முழு இரவுக் கூத்தையும் கைவிடாது போற்றியது. இரண்டும் வெவ்வேறு கலை என்பதை அக்கலைஞர் நன்கு அறிந்திருந்தனர். சுருக்கத்தில் கர்ணன் வீழ்வான். ஆனால் அவனோடு இரவும் வீழ்வதில்லை.

இம்மூன்றையும் ஒருங்கு நோக்க ஒரு முடிபு கிடைக்கின்றது. சடங்கால் தாங்கப்படும் கலை பொழுதை விடாது; விடின் தானும் இல்லையாகும். கதையால் தாங்கப்படும் கலை பொழுது குறையத் தானும் சுருங்கும். ஓசையால் மட்டும் தாங்கப்படும் கலை பொழுது போனபின் கிளை கிளையாகப் பிரியும்.

தடையும் விடையும்

அஞ்சுனாவின் இரவை மிகையாகப் போற்றுதல் தகுமோ எனத் தடை எழும். அத்தடை வலியுடையது. அருண் சல்தானா 2007-இல் வெளியிட்ட 'சைக்கடெலிக் ஒயிட்' என்னும் நூலில், அவ்விரவுகளின் விடியற்பகுதி எவ்வாறு வெள்ளையர்க்கே உரியதாகச் சுருங்கியது என்பதைக் காட்டினார். இந்தியப் பயணியர் இரவில் வந்து நீங்குவர். உள்ளூர்ப் பெண்டிர் பாய்விரித்துத் தேநீர் விற்பர். விடியலில் ஆடுவோர் வேறாவர். சிவன், கணபதி, ஓங்காரம் முதலியன இசைத்தட்டுகளின் உறையில் இடம்பெற்றன. அவற்றை வழிபடுவோர்க்கு ஆட்டக்களத்தில் இடம் அரிதாயிற்று.

இத்தடை நம் முடிபை அழிப்பதன்று, வலியுறுத்துவதேயாம். அவ்விரவின் உயர்ந்த பொருள் விடியலில் இருந்தமையாற்றான் விடியலைத் தமக்கே வைத்துக்கொள்ளும் முயற்சியும் எழுந்தது. பொழுதே அங்குச் செல்வமாய் இருந்தது. மேலும், தெய்வத்தை அழையாத அவ்விரவில், வருபவர் யார், வாராதவர் யார் என வரையறுக்கும் மரபும் இல்லை. அவ்வெற்றிடத்தைப் பணமும் நிறமும் நிரப்பின.

வெறியாடலைப் பாடிய சங்கப் புலவரும் அதனைக் கண்மூடிப் போற்றினரல்லர். வெறிபாடிய காமக்கண்ணியார் அகநானூற்றில் (22) அதன் சிறப்பெல்லாம் விரித்துரைத்து, தலைவியின் நோய் அதனால் தீர்ந்ததன்று என்பதையும் நகையோடு காட்டினார். ஆட்டத்தின் அழகையும் அதன் எல்லையையும் ஒருங்கே காணும் அப்பார்வையே மருளிசைத் திறனாய்விற்கும் வேண்டுவது.

முடிவுரை

கோவா டிரான்ஸ் அழிந்தது என்பாரும், அது வளர்ந்து செழித்தது என்பாரும் ஓசையை மட்டும் நோக்கி உரைப்பராதலின், இருவர் கூற்றும் பாதியே உண்மை. ஓசை செழித்தது, இரவு அழிந்தது, அழிந்த இரவின் சிறுபொழுதுகளே இன்றைய கிளைகள்.

இம்முடிபு நம் ஆய்வுமுறைக்கும் ஒன்று உணர்த்துகின்றது. கூத்தையும் சடங்குப் பாடல்களையும் பதிவுசெய்வோர், பாட்டின் சொல்லையும் மெட்டையும் பதிவர். அஃது இரவின் எவ்வளவில் பாடப்பட்டது என்பதைக் குறிப்போர் சிலரே. செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்களில் களப்பணி ஆற்றும் முதுகலை மாணவர், ஒவ்வொரு பாட்டிற்கும் காட்சிக்கும் அது தொடங்கிய மணியையும் முடிந்த மணியையும் குறித்துவைத்தல் வேண்டும். யாமத்திற்குரியது மாலை மேடையில் பதிவாகி, வைகறைக்குரியது விடுபட்டுப் போமாயின், பிற்காலத்தார் நம் தொகுப்புகளிலிருந்து ஓர் இரவை மீண்டும் அமைத்தல் இயலாது. பொழுதும் முதற்பொருளே என்னும் பழைய விதியை, பாட்டிற்கேயன்றிப் பதிவேட்டிற்கும் கொள்ளுதல் கடன்.